அத்தை அழாத பக்கம்

அத்தைக்கு மீசை வரைந்தது நான்தான். அவளுக்கு உண்மையாகவே மேலுதட்டில் கொஞ்சம் பூனைமுடி உண்டு. ஆறாம் வகுப்பில் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அதை முறுக்கிவிட்டுப் பழகினேன். வளர்ந்து, சென்னைக்குப் போய், என் சின்ன வயதை ஒரு சித்திரக்கதைப் புத்தகமாக வரைய உட்கார்ந்தபோது அதே மீசையை இன்னும் கொஞ்சம் கறுப்பாக்கிக்கொண்டேன். கதைக்கு ஒரு வில்லி வேண்டியிருந்தது. வீட்டிலேயே ஒருத்தி தயாராக இருந்தாள்.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. போன மழைக்காலத்தில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆனாலும் துணிச்சல் வரவில்லை. என் அப்பாவுக்கு அக்கா. ராசிங்காபுரத்தில் கட்டிக்கொடுத்து, மாமியார் வீட்டை ஒரு கலக்குக் கலக்கிவிட்டு, கொண்டுபோன பாத்திரங்களோடு எங்கள் ஊரான போடிக்கே திரும்பி வந்தவள். மாமாவைப் பற்றி யாராவது கேட்டால், நல்ல மனுசன்தான், பேசாமல் இருக்கச் சொன்னேன், அப்படியே இருந்துவிட்டார் என்பாள்.

போடியிலிருந்து விடிவதற்குள் பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, மெட்டு என்கிற மலைக் கணவாயைத் தாண்டி ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூட்டிப்போகிற கங்காணி வேலை அவளுக்கு. ஜீப்பில் யார் எங்கே உட்கார வேண்டும், யார் யாரோடு பேசக்கூடாது என்பதெல்லாம் அவள் தீர்மானம். வளைவுகளில் யாருக்காவது குமட்டினால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். வந்தது திரும்பி உள்ளே போய்விடும்.

பயந்தால்தான் சோலி நடக்கும் என்பது அவள் கட்சி. மற்றவர்கள் ஆடு மாடு வளர்க்கிற மாதிரி அவள் அடுத்தவர்களுடைய பயத்தை வளர்த்தாள். தீனி போட்டு, தினமும் ஒருதரம் தட்டிப்பார்த்து. சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இருமுவாள். அவளுக்குத் தீராத சளி என்றே நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருதரம் மலையடிவாரத்தில் ஒரு போலீஸ்காரர் ஜீப்பை நிறுத்தினார். புதிதாக வந்தவர். உள்ளே இருந்த கூட்டத்தைப் பார்த்து மலைத்துப்போய், பாதிப் பேர் இறங்கினால்தான் வண்டி போகும் என்றார். அத்தை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இறங்கினாள். பாதிப் பெண்களை இறக்கினாள். நான் இவர்களை மேலே விட்டுவிட்டுத் திரும்பி வருகிறேன், அதுவரைக்கும் இறங்கினவர்களுக்கு நீங்கள்தான் காவல், ஒருத்தி குறைந்தாலும் உங்களிடம்தான் கேட்பேன் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறப்போனாள். இறங்கிய பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து தூக்குச்சட்டிகளைத் திறந்தார்கள். ஒருத்தி அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தாள். இன்னொருத்தி தன் ஓரகத்தியைப் பற்றிப் புகார் கொடுக்க ஆரம்பித்தாள். எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்த் தொலையும்படி அவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஜீப் நகர்ந்ததும் அத்தைக்குப் பலமாக இருமல் வந்தது.

நான் ஆறாவது படிக்கும்போது அப்பா மஞ்சள்காமாலையில் இறந்துபோனார். அத்தை இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அம்மா சுருண்டு படுத்தவள் எழுந்திருக்கவில்லை. வீடு முழுக்க ஒப்பாரி. அத்தை மட்டும் அழவில்லை. பந்தல்காரரோடு சண்டை போட்டாள். வந்தவர்களுக்குக் கொடுத்த காப்பி தண்ணியாக இருக்கிறது என்று கத்தினாள். காரியம் முடிந்த மறுநாள் விடிகாலை என் போர்வையை உருவி, "எந்திரிடி, ஜீப்பு வந்துருச்சு" என்றாள். தெருவே வாயில் கைவைத்தது. அப்பனைப் பறிகொடுத்த பிள்ளையைக் காய் எடுக்கக் கூட்டிப்போகிறாளே, இவள் ஒரு பொம்பளையா என்றார்கள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

அன்று மத்தியானம் காலில் அட்டை கடித்துவிட்டது. சுண்ணாம்பு வாங்குவதற்காக அத்தையைத் தேடிக்கொண்டு ஸ்டோர் பக்கம் போனேன். ஸ்டோர் என்றால் பச்சை ஏலக்காயை உலர்த்துகிற கட்டடம். விறகு எரிகிற சூடு தகரக் குழாய்கள் வழியாக உள்ளே ஓடும். பின்பக்கச் சின்ன ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அத்தை குழாய்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்திருந்தாள். கண்ணிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. நான் சுண்ணாம்பு கேட்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

புத்தகத்தில் அது ஒரு முழுப் பக்கம். அதில் வசனம் கிடையாது.

புத்தகம் வந்த விஷயத்தை நான் அத்தைக்குச் சொல்லவில்லை. உயிர் மேல் ஆசை இருந்தது. ஆனால் ஜீப்பில் வருகிற ஒருத்தியின் மகள் மதுரையில் படிக்கிறாள். அவள் ஒரு பிரதி வாங்கிவந்து பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டிவிட்டாள். அத்தை எனக்குப் போன் செய்தாள். நான் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் இருந்தேன்.

"மீச நல்லாருக்கு" என்றாள்.

பிறகு குறைகளைச் சொன்னாள். கட்டம் போட்ட சேலைதான் அவள் கட்டுவது, நான் பூப்போட்டது கட்டிவிட்டிருக்கிறேன். அவள் வலது கையால் அடிப்பாள், நான் இடது கையால் அடிக்கவிட்டிருக்கிறேன். அடித்ததிலும் பாதியைத்தான் போட்டிருக்கிறேன், மீதி எங்கே? புளியமரத்தடியில் வைத்து விளாசியது மறந்துவிட்டதா? நான் அடுத்த பதிப்பில் சேர்த்துவிடுவதாகச் சொன்னேன். கடைசியாக, அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடச் சொன்னாள். எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அச்சடித்த அத்தனையிலும் எப்படிக் கிழிப்பது என்றேன். அது உன் பாடு என்று வைத்துவிட்டாள்.

என் பாடு என்று அவள் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொந்தக்காரர்களுக்கு நான் ஆளுக்கொரு புத்தகம் அனுப்பியிருந்தேன். அத்தை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒவ்வொரு வீட்டுக்குக் கிளம்பினாள். சிலமலையில் சித்தப்பா வீடு, பொட்டிபுரத்தில் தாய்மாமா வீடு என்று பஸ்சில் போய், கோழிக் குழம்பு சாப்பிட்டு, நல்லது கெட்டது விசாரித்து, கிளம்பும்போது பிளேடால் அந்தப் பக்கத்தை மட்டும் நறுக்கி எடுத்துக்கொண்டு வந்தாள். இத்தனை வருஷம் வாசல் மிதிக்காத அக்கா திடீரென்று பாசமாகத் தேடி வந்ததில் சித்தப்பா கண்கலங்கிப்போய் எனக்குப் போன் செய்தார். நான் அவரைப் புத்தகத்தைத் திறந்து பார்க்கச் சொல்லவில்லை.

போடியில் ஒரு பல் டாக்டர், ஊர்ப் பெருமைக்காக ஒரு பிரதியை வாங்கி, காத்திருக்கிறவர்கள் பார்க்கட்டும் என்று பெஞ்சில் போட்டுவைத்திருந்தார். அத்தை பல்வலி என்று போனாள். புத்தகத்தைக் கையில் எடுத்த நேரம் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். வந்தவள் வலி இல்லை என்று சொல்ல முடியாது. டாக்டர் ஆடிக்கொண்டிருந்த ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து, பக்கத்தைக் கிழித்து மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். இன்றைக்கும் போடி வட்டாரத்தில் என் புத்தகம் எந்த வீட்டில் இருந்தாலும் அதில் ஒரு பக்கம் குறையும்.

அந்தப் பக்கத்துக்காகத்தான் பிரவீன் என்ற இயக்குநர் என்னைத் தேடி வந்தார். புத்தகத்தை அனிமேஷன் படமாக எடுக்க வேண்டும், மொத்தப் படமும் அந்த ஒரு பக்கத்தை நோக்கித்தான் போக வேண்டும் என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மலையைப் பார்க்க வேண்டும் என்று அவரும் படம் வரைகிறவர்கள் சிலரும் போடிக்கு வந்தார்கள். அத்தை அவர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், இடுப்பில் சாக்கைக் கட்டி, சாயங்காலம் வரைக்கும் காய் எடுக்கவைத்தாள். சும்மா நின்று பார்க்கிறவர்களைத் தோட்டத்துக்குள் விடுவதில்லையாம். பிரவீன் அட்டை கடித்துக் கணுக்கால் முழுக்க ரத்தத்தோடு இறங்கிவந்து, இந்தம்மா குரலைத் தவிர வேறு குரலை நான் போட மாட்டேன் என்றார்.

அனிமேஷனில் குரல்தான் முதலில். பேச்சைப் பதிவு செய்துகொண்டு அதற்கு ஏற்றபடி வாயையும் கையையும் வரைவார்கள். சென்னையில் நடிகைகள் சிலரைப் பேசவைத்துப் பார்த்திருந்தோம். "வெரசா வாடி" என்பதை அவர்கள் கோயிலுக்குக் கூப்பிடுகிற மாதிரி சொன்னார்கள். அத்தையிடம் கேட்டேன். வில்லியாகப் பேச வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். வேறு எவளாவது பேசினால் எவள் பயப்படுவாள் என்று அடுத்த பஸ்சைப் பிடித்துவிட்டாள்.

ஸ்டுடியோவில் அவளைக் கண்ணாடி அறைக்குள் நிற்கவைத்து, காதில் ஹெட்போனை மாட்டினார்கள். என் வேஷத்துக்குப் பேச ஒரு சின்னப் பெண் வந்திருந்தாள். அத்தை "எந்திரிடி" என்ற முதல் வசனத்திலேயே அந்தக் குழந்தை நிஜமாக அழுதுவிட்டது. அழுகை பிரமாதமாகப் பதிவாகியிருப்பதாக ஒலிப்பதிவாளர் சொன்னார். வசனத்தில் இல்லாத திட்டுகளையும் அத்தை தாராளமாகச் சேர்த்தாள். அவள் திட்டும்போது கை போகிற போக்கைப் பார்த்து வரைவதற்காக ஒரு கேமராவும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தங்கியிருந்த அந்த வாரத்தில் ஸ்டுடியோப் பிள்ளைகள் எல்லோரும் காலையில் நேரத்துக்கு வந்தார்கள். தயாரிப்பாளர் அவளை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டார்.

கடைசியில் அந்தப் பக்கம் வந்தது. வசனம் ஒன்றுமில்லை, அழுகிற மூச்சு மட்டும் வேண்டும் என்று பிரவீன் விளக்கினார். அத்தை ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "மதி" என்றாள். மலையாளத்து ஆட்களிடம் தோட்டத்தில் வேலையை நிறுத்தச் சொல்கிற வார்த்தை அது. அன்றைக்கு ஸ்டோரில் சூடு, கண்ணில் தண்ணீர் வந்தது, அதற்குப் பேர் அழுகை இல்லை என்றாள். அந்தக் காட்சி இருந்தால் தன் குரல் எதிலும் இருக்கக்கூடாது, கையெழுத்தும் போட மாட்டேன் என்றாள். உயிரோடு இருக்கிறவர்களின் சம்மதம் இல்லாமல் படத்தை வெளியிட முடியாது என்று தயாரிப்பாளர் முன்பே சொல்லியிருந்தார். அந்தக் காட்சி இல்லாமல் தனக்குப் படமே வேண்டாம் என்றார் பிரவீன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நான் அத்தையைக் கீழே டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கும் கோபம்தான். மூன்று வருஷம் முதுகு ஒடிய வரைந்த புத்தகம்.

"நாளைக்கு இதப் பாத்துட்டு ஜீப்புல ஏறுறவ எனக்குப் பயப்படுவாளாடி?" என்றாள்.

"அது என் கதை, அத்தே."

"கத ஒன்னுது. கண்ணு என்னுது."

அவள் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். குடிக்கவில்லை. பேருந்துகள் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"ஒங்கம்மா படுத்துட்டா. நானும் படுத்தா அடுப்ப யாரு பத்த வைக்கிறது? ரெண்டு பேருல ஒருத்திதான் அழ முடியும். அவ முந்திக்கிட்டா."

அம்மா முந்திக்கொண்டது ஏதோ ஜீப்பில் ஜன்னலோர இடத்தைப் பிடித்துவிட்ட மாதிரி இருந்தது அவள் சொன்ன விதம். எனக்குச் சிரிப்பு வந்தது. மேலே போனதும், முகத்தைக் காட்டப்போவதில்லை என்று பிரவீனிடம் சொல்லிவிட்டேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம், முதுகை மட்டும் வரைந்தால் என்ன என்று கேட்டார். அத்தை யோசித்தாள். முதுகு எல்லோருக்கும்தான் இருக்கிறது, போட்டுக்கொள் என்றாள்.

சில மாதம் கழித்து, வரைந்ததைக் காட்டி அவளிடம் சம்மதம் வாங்க மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போடிக்குப் போனேன். குழாய்களுக்கு முன்னால் ஒரு பெண்ணின் முதுகு. தோள்கள் லேசாகக் குலுங்கின. அந்தக் குலுக்கலுக்காக ஒரு பையன் ராப்பகலாக வரைந்திருந்தான். அத்தை திரையில் விரலை வைத்து, தோள் ஆடுகிறது என்றாள். அழுகிறவளுக்குத்தான் ஆடும், நிறுத்தச் சொல் என்றாள். நிறுத்தினார்கள். அந்தப் பையன் என்னோடு பேசுவதை விட்டுவிட்டான். படத்தில் இப்போது அந்த முதுகு அசையாமல் நிற்கிறது. ஸ்டோரில் ஈரக் காற்றை வெளியே தள்ளுகிற காற்றாடியின் சத்தம் மட்டும் ஓடுகிறது. அதுதான் நன்றாக இருக்கிறது என்று சில பேர் எழுதினார்கள். எனக்கு இன்னும் அந்தக் குலுக்கல் இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

படம் வெளியாகி, வெளியூர்களில் பேசப்பட்டு, கைதட்டல் வாங்கிய பிறகு ஜீப்புப் பெண்கள் அத்தையை நச்சரிக்க ஆரம்பித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் திரை கட்டிப் போட்டுக் காட்டினோம். யாரும் தன் முகத்தைப் பார்த்துவிடாதபடி அத்தை முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். மீசையோடு அவள் திரையில் வந்ததும் மண்டபம் இடிந்துவிடும் போலச் சிரித்தார்கள். போலீஸ்காரர் காட்சியில் நாலைந்து பேர் எழுந்து, அது நான், இது நீ என்று சண்டை போட்டார்கள். அத்தை படம் முழுக்கத் திரையில் இருந்த தன்னையே திருத்திக்கொண்டிருந்தாள்.

முதுகு வந்தது.

சிரிப்பு நின்றது. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அப்புறம் பக்கத்தில் ஒருத்தி. பிறகு வரிசை வரிசையாக. அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் பேச்சியம்மா உட்கார்ந்திருந்தாள். ஜீப்பு ஓட ஆரம்பித்த காலத்திலிருந்து அத்தையோடு மலைக்குப் போகிறவள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் காதருகே குனிந்தாள்.

"அன்னைக்கு மேனேஜரு ஸ்டோருக்கு வந்தாரு ஆத்தா. நாங்கதான் முன்கதவ மறிச்சு நின்னோம். உள்ள பாம்பு கெடக்குன்னு சொன்னோம்."

எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டேன்.

"ஜீப்புக்கே தெரியும்."

அத்தைக்கு இது தெரியுமா என்றேன். பேச்சியம்மா என்னை முறைத்தாள். தெரியவும் கூடாது என்றாள்.

விளக்கைப் போட்டதும் அத்தை எழுந்து கூட்டத்தைப் பார்த்து நின்றாள். ஸ்டோரில் அன்றைக்குச் சூடு, அவ்வளவுதான் என்றாள். சிவந்த கண்களோடு அத்தனை பேரும் தலையாட்டினார்கள். அங்கே என்ன சூடு, நின்றால் தோல் வெந்துவிடும் என்றாள் ஒருத்தி. விறகு அதிகமாகப் போட்டுவிட்டார்கள் அன்றைக்கு என்றாள் இன்னொருத்தி.

மறுநாள் விடிகாலை நானும் ஜீப்படிக்குப் போனேன். பெண்கள் எல்லோரும் நேரத்துக்கு முன்னாலேயே வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பேசவில்லை. எல்லோரும் அத்தையின் முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் கண்ணாடியைக்கூடத் துடைத்து வைத்திருந்தார். அத்தை ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. அவளுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பேச்சியம்மாவை மட்டும் காணவில்லை. ஒருநாளும் பிந்தி வராதவள். தேடிப் பார்த்தால், டீக்கடைக்குப் பின்னால் மறைவாக நின்றுகொண்டிருந்தாள். கையிலிருந்த டம்ளர் காலி. அதையே ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். ஜீப்பு கிளம்பப்போகிறது, வாங்க பெரியம்மா என்றேன்.

"இருக்கட்டும் ஆத்தா" என்றாள். "அவ கூப்புடட்டும்."

அந்த நேரம் அத்தையின் பார்வை காலியாக இருந்த இடத்தில் போய் விழுந்தது.

"ஏ பேச்சி, எங்கடி போய்த் தொலைஞ்ச? மகாராணிக்குப் பல்லக்கு அனுப்பணுமா? வெரசா வாடி, இல்ல மெட்டு வரைக்கும் நடந்தே வா."

தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து இடம் மாறியது. ஜீப்புக்குள் அத்தனை தலைகளும் ஒன்றுபோலக் குனிந்தன. பேச்சியம்மா டம்ளரைக் கடைப் பலகையில் வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு ஓடினாள், அத்தை திட்டி முடிக்கட்டும் என்று கொஞ்சம் மெதுவாகவே.